வாஷிங் மெஷின் உறுமுகிறது, சுற்றவில்லை: மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி இது: எட்டு வருடமாக ஓடும் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். துவைக்கும் பக்கத்து டைமரைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்ற உறுமல் மட்டும் வருகிறது, அடியில் துணியைச் சுழற்றும் தட்டு, அதாவது பல்சேட்டர், அசையவில்லை. பிழியும் பக்கம் நன்றாக ஓடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் பின்மூடியைக் கழற்றாமலேயே "மோட்டார் போயிடுச்சு, 2,500 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். உறுமல் கேட்கிறது என்றால் கரண்ட் பிளக்கிலிருந்து டைமர் வழியாக மோட்டார் வரை போய்ச் சேர்கிறது, உள்ளே இருக்கும் காயிலில் ஒன்றாவது உயிரோடு இருக்கிறது என்று பொருள். போன கரண்ட் சுழற்சியாக மாறவில்லை, அவ்வளவுதான். அதற்குக் காரணம் ஐம்பது பைசா நாணயமாகவும் இருக்கலாம், நூறு இருநூறு ரூபாய்க் கெப்பாசிட்டராகவும் இருக்கலாம், எரிந்துபோன மோட்டாராகவும் இருக்கலாம். மூடியைத் திறக்காமல் இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவதுதான் மோட்டார்.

முதலில் அந்த மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், பிறகு செய்யும் சோதனை ஒவ்வொன்றும் ஏன் என்று புரியும். வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரண்ட்டை ஒரே ஒரு காயிலுக்குக் கொடுத்தால் காந்தப் புலம் நின்ற இடத்திலேயே கூடிக் குறையும், சுழலாது. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அதிரும். அந்த அதிர்வுதான் நீங்கள் கேட்கும் உறுமல். அதனால் மோட்டாருக்குள் இரண்டு காயில் வைத்திருப்பார்கள். ஒன்றுக்குக் கரண்ட் நேரடியாகப் போகும், இன்னொன்றுக்குக் கெப்பாசிட்டர் வழியாகப் போகும். கெப்பாசிட்டர் வழியாகப் போகிற கரண்ட் மற்றதைவிடக் கொஞ்சம் முந்திக்கொள்ளும். இந்த நேர வித்தியாசம்தான் காந்தப் புலத்தைச் சுழல வைக்கிறது. சீலிங் ஃபேனிலும் இதே கதைதான்.

துவைக்கும் மோட்டாருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது மாறி மாறி இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். அதற்காக அதன் இரண்டு காயிலையும் ஒரே அளவில் சுற்றியிருப்பார்கள். கெப்பாசிட்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். டைமர் ஒரு முறை இந்தக் காயிலுக்கு நேரடியாகக் கொடுக்கும், சில விநாடி நிறுத்திவிட்டு அடுத்த முறை அந்தக் காயிலுக்கு நேரடியாகக் கொடுக்கும். திசை மாறிவிடும். மோட்டாரிலிருந்து மூன்றே வயர் வருவது இதனால்தான்: ஒன்று பொது, மற்ற இரண்டும் ஆளுக்கொரு காயிலின் முனை.

இதை வைத்து மூடியைத் திறக்காமலேயே ஒரு சோதனை செய்யலாம். தொட்டியைக் காலி செய்துவிட்டு டைமரைத் திருப்பி, ஒரு திசைக்கான சத்தத்தையும் இடைவெளிக்குப் பிறகு அடுத்த திசைக்கான சத்தத்தையும் கேளுங்கள். ஒரு பக்கம் ஒழுங்காகச் சுற்றி, மறுபக்கம் சத்தமே இல்லாமல் இருந்தால் மோட்டார்மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. டைமருக்குள் இருக்கும் கான்டாக்ட் கருகியிருக்கும், அல்லது அங்கிருந்து வரும் வயர் ஒன்று விட்டுப்போயிருக்கும். இரண்டு பக்கமும் உறுமினால் கெப்பாசிட்டர், காயில், இல்லாவிட்டால் எங்கோ ஒரு இறுக்கம். இரண்டு பக்கமும் மயான அமைதி என்றால் அது வேறு கேள்வி: டைமர், உள் வயர், மோட்டாருக்குள் இருக்கும் தெர்மல் கட் ஆஃப் (சூடு ஏறினால் கரண்ட்டை வெட்டும் பாகம்) என்று தேட வேண்டும். எதுவானாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் உறும விடாதீர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிட மிக அதிகமாகக் கரண்ட் இழுக்கும், அதைக் குளிர்விக்கும் விசிறியும் நின்றுபோயிருக்கும். நல்ல மோட்டாரையே அப்படி எரித்துவிடலாம். "சுத்துதான்னு பார்ப்போம்" என்று பத்து தடவை போட்டுப் பார்க்கிற வீடுகளில்தான் நூறு ரூபாய் வேலை ஆயிரம் ரூபாய் வேலையாகிறது.

வோல்டேஜையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இந்த மோட்டாரின் கிளப்பும் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் கணக்குப்படி சுமார் 60 சதவீதத் திறன்தான் மிஞ்சும். கோடைக்காலத்தில் சாயங்காலம் லைட் மங்கும் ஊர்களில் மெஷின் உறுமி நின்று, காலையில் தானாக ஓடுவதற்கு இதுதான் காரணம். சாதாரண ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போட்டாலும் உறுமல் வரும், மோட்டார் சூடாகும். அதில் துவைக்காமல் இருப்பதே நல்லது.

சரி, இனி கையை வைக்கலாம். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். பல வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருக்கும், ஆஃப் செய்தாலும் உள்ளே ஃபேஸ் நிற்கும். தண்ணீரை வடித்து, தரையைத் துடைத்து, காலில் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பல்சேட்டர். கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கியர் பாக்ஸ் உள்ள மெஷினில் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்து நின்றாலோ 'கரகர' என்றாலோ நடுவில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பல்சேட்டரை மேலே தூக்குங்கள். பல வருட சோப்பும் உப்பும் சேர்ந்து இறுகியிருக்கும். இரண்டு பக்கமும் நாடாவைக் கொடுத்துச் சமமாக இழுத்தால் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். அடியில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: சில்லறை, ஹேர்பின், சட்டைப் பட்டன், உள்ளாடையிலிருந்து நழுவிய கம்பி. இதையெல்லாம்விட மோசமானது பாவாடை நாடா. அது ஷாஃப்டைச் சுற்றி அடுக்கடுக்காக இறுகிக் கயிறு மாதிரி ஆகியிருக்கும். பார்த்தால் மெஷினின் பாகம் என்றே நினைக்கத் தோன்றும். பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அடியில் இருக்கும் ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் தண்ணீர் அதன் வழியாகக் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். போர் தண்ணீர் ஊராக இருந்தால் ஷாஃப்ட் உப்பும் துருவுமாகப் பிடித்துக்கொள்ளும், அப்போது மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அசைக்க முடியாது.

அங்கே எதுவும் இல்லையென்றால் மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்மூடியைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன் செல்போனில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள், வயர் எங்கே எது மாட்டியிருந்தது என்று பிறகு அதுதான் சொல்லும். வயரின் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

திறந்ததும் மூக்குக்கு வேலை. எரிந்த வார்னிஷ் வாடை ஒரு மாதிரிக் காட்டமாக இருக்கும், ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். அந்த வாடை இருந்தால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் நம்பிக்கையோடு தொடரலாம். அடுத்துக் கண்ணுக்கு: எலி. இந்த மெஷின்களின் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும், எலி கூடு கட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. வயர் கொத்தில் ஒன்றை மட்டும் கடித்துத் துண்டித்திருக்கும். கெப்பாசிட்டருக்குப் போகும் வயராக அது இருந்தால் உங்கள் மெஷினில் இருக்கும் அறிகுறிதான் வரும்.

இப்போது முக்கியமான சோதனை. மோட்டார் புல்லியிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் தனி, கியர் பாக்ஸும் பல்சேட்டரும் தனி என்று ஆகிவிட்டது. மோட்டார் புல்லியை விரலால் சுண்டினால் லேசாகச் சில சுற்று ஓடி நிற்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பேரிங் அல்லது புஷ் பிடித்திருக்கிறது. லேசாக ஓடினால் கையை எடுத்துவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிளக்கை மாட்டிச் சில விநாடி மட்டும் போட்டுப் பாருங்கள். பெல்ட் இல்லாமல் மோட்டார் சட்டென்று கிளம்பி வேகமாகச் சுற்றினால் இறுக்கம் மறுபக்கம், கியர் பாக்ஸில். மந்தமாக, யோசித்து யோசித்துக் கிளம்பினால் கெப்பாசிட்டர் பலவீனம். அப்போதும் உறுமல் மட்டும்தான் என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கிறது அல்லது காயில் அறுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன்கள் இந்த இடத்தில் புல்லியை ஒரு குச்சியால் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். தள்ளிய பக்கமே ஓட ஆரம்பித்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், சில சமயம் அறுந்த காயிலாகவும் இருக்கலாம். ஆனால் விரலால் யாரும் அதைச் செய்ய வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் இந்த வகை மோட்டார் நிமிடத்துக்கு 1,300, 1,400 சுற்றுக்குப் போகக்கூடியது, பக்கத்தில் விசிறி வேறு இருக்கும்.

கெப்பாசிட்டரைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் அறிகுறிகளை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் நான் அதன்மீதுதான் கட்டுவேன். பிழியும் பக்கம் ஓடுகிறதே, கெப்பாசிட்டர் எப்படிப் போயிருக்கும் என்று கேட்கலாம். செமி ஆட்டோமேட்டிக்கில் பல மாடல்களில் இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே டப்பா இருக்கும், ஆனால் உள்ளே இரண்டு தனித்தனிக் கெப்பாசிட்டர். மேலே 10+4, 10+5, 12+5 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். பெரிய எண் துவைக்கும் மோட்டாருக்கு, சின்ன எண் பிழியும் மோட்டாருக்கு, இரண்டும் மைக்ரோஃபாரட் கணக்கு. ஒன்று செத்து மற்றது நன்றாக இருப்பது சகஜம்.

பிளக்கை உருவி, கெப்பாசிட்டரின் இரண்டு முனையையும் சாதாரண குண்டு பல்ப் மாட்டிய ஒரு ஹோல்டரின் இரண்டு வயரால் சில விநாடி இணைத்து உள்ளே மிஞ்சியிருக்கும் சார்ஜை இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது பலரின் பழக்கம், அது கெப்பாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. பிறகு வயரைக் கழற்றி, கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டரில் 20 மைக்ரோஃபாரட் ரேஞ்சில் வைத்து அளக்கலாம். 10 என்று போட்டிருந்தால் ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் காட்ட வேண்டும், 5 சதவீத வித்தியாசம் அனுமதி உண்டு. ஏழு, ஆறு என்று காட்டினால் காலி மெஷினில் சுற்றும், போர்வையும் ஜீன்ஸும் போட்டால் நின்றுவிடும். ஒன்றும் காட்டாவிட்டால் முடிந்தது. மீட்டர் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம், பழைய கெப்பாசிட்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, அடியில் பிசின் வழிந்து உறைந்திருந்தாலோ, வயர் நுழையும் இடம் பழுப்பேறியிருந்தாலோ வேறு சோதனை தேவையில்லை. பார்க்க நன்றாக இருப்பதால் மட்டும் நல்லது என்று சொல்லிவிட முடியாது, அதையும் மறக்கக் கூடாது.

புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கண்டன்சர் என்று கேட்டாலும் தருவார்கள். மைக்ரோஃபாரட் எண் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் 440 அல்லது அதற்கு மேல். "ஒரு பாயின்ட் கூட்டிப் போடுங்க, பவரா சுத்தும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அதிக மதிப்புப் போட்டால் இரண்டாவது காயிலில் கரண்ட் கூடும், மோட்டார் சூடாகும், சில மாதத்தில் அது உண்மையிலேயே எரியும். இன்னொன்று, மாட்டும்போது பெரிய மதிப்பையும் சின்ன மதிப்பையும் மாற்றிவிடாதீர்கள். 5 மைக்ரோஃபாரட்டில் துவைக்கும் மோட்டார் திணறும், 10-ல் பிழியும் மோட்டார் கொதிக்கும். நீங்கள் எடுத்த படம் இங்கேதான் கைகொடுக்கும்.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தால்தான் மோட்டாருக்கே போக வேண்டும். மூன்று வயரையும் கெப்பாசிட்டர், டைமர் இரண்டிலிருந்தும் பிரித்துவிட்டு, மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். பொது வயருக்கும் மற்ற இரண்டுக்கும் தனித்தனியாக அளந்தால் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், மற்ற இரண்டுக்கும் நடுவில் அளந்தால் அதன் இரட்டிப்பு வர வேண்டும். உதாரணமாக 25, 25, 50. எண் மாடலுக்கு மாடல் மாறும், பொருத்தம் மாறாது. எது பொது வயர் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று ஜோடியாக அளந்தால் அதிகம் காட்டும் ஜோடியில் சேராத வயர்தான் பொது.

25, 14, 39 என்று வந்தால் ஒரு காயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஒரு காயில் எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அப்படி அறுந்தால் டைமர் எந்தத் திசைக்குக் கொடுத்தாலும் மிச்சமிருக்கும் ஒரே காயில்தான் வேலை செய்யும், அதனால்தான் இரண்டு பக்கமும் உறுமல் வரும். அறுந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் வயர் காயிலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். சில சமயம் அங்கே பற்றவைப்பு மட்டும் விட்டிருக்கும், நல்ல காயில் கட்டுபவர் அதைப் பத்து நிமிடத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுவார். கடைசியாக மூன்று வயரில் ஒவ்வொன்றுக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் நடுவில் அதிகபட்ச ஓம் ரேஞ்சில் அளங்கள். எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த மோட்டாரை மறுபடி போட்டுப் பார்க்கவே வேண்டாம், ஷாக் அடிக்கும். மெஷினைப் போட்டதும் வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் சுவிட்ச்) விழுகிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

மீட்டருக்குப் பிடிபடாத ஒன்றும் உண்டு. இரண்டு மூன்று சுற்று மட்டும் ஒட்டியிருந்தால் ஓம் எண்ணில் வித்தியாசம் தெரியாது. பெல்ட் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடினாலே கை வைக்க முடியாத சூடு வந்தால் அதுதான். துவைக்க ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்று, ஒரு மணி நேரம் கழித்துத் தானாக ஓடுவதும் இதன் இன்னொரு முகம், தெர்மல் கட் ஆஃப் சூட்டில் பிரிந்து ஆறியதும் சேர்கிறது. துணியை அளவுக்கு மேல் திணித்தாலும் அப்படி நிற்கும் என்பதால் முதலில் பாதித் துணியோடு ஓட்டிப் பாருங்கள்.

மோட்டார்தான் என்று உறுதியானால், புதிதா காயில் கட்டுவதா? கடையில் கிடைக்கும் மலிவு மோட்டார்கள் பல அலுமினியக் காயிலில் வருகின்றன. செம்பா அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள், செம்பு கொஞ்சம் விலை கூடும், கனமும் கூடும். பக்கத்தில் நம்பகமான ஒயின்டிங் கடை இருந்தால் உங்கள் மோட்டாரையே செம்பில் கட்டிவிடுவது என் விருப்பம், காரணம் அளவு எதுவும் மாறாது. புதிது வாங்கினால் ஷாஃப்ட் நீளமும் தடிமனும், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, வாட்ஸ் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். துவைக்கும் மோட்டாரையும் பிழியும் மோட்டாரையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள். கூடவே கெப்பாசிட்டரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழையதை விட்டுவைத்து மிச்சம் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

திரும்ப மாட்டும்போது பெல்ட்டையும் கவனியுங்கள். M-19, M-20 என்ற மாதிரி எண் அதன் முதுகிலேயே இருக்கும், வெடிப்பு விட்டிருந்தால் அதே எண்ணில் மாற்றுங்கள். மோட்டார் போல்ட்டுகள் நீள ஓட்டையில் நிற்பதால் முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கத்தைச் சரிசெய்யலாம். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே போனால் சரி. அதைவிட இறுக்கினால் பேரிங் தேயும், மோட்டாரும் கிளம்பத் திணறும். தளர விட்டால் மோட்டார் ஓடும், பல்சேட்டர் நிற்கும், ரப்பர் வாடை வரும்.

பிழியும் பக்கம் எப்போதாவது இதே மாதிரி உறுமினால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது பிரேக். மூடியை மூடும்போது ஒரு கம்பி இழுத்துப் பிரேக்கை விடுவிக்கும், கம்பி தளர்ந்தால் மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டும். டிரம்முக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் நேராக மோட்டார் தலையில் சொட்டுவதும் அந்தப் பக்கத்தின் வியாதி. ஃப்ரன்ட் லோடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் உதவாது. அவற்றில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரோ போர்டால் ஓடும் இன்வெர்ட்டர் மோட்டாரோ இருக்கும். முன்னதில் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து இரண்டையும் ஜோடியாக மாற்றலாம், பின்னதில் போர்டு தெரிந்த ஆளைக் கூப்பிடுவதே உத்தமம்.

உங்கள் மெஷினுக்கு வருகிறேன். மூடியைக் கழற்ற உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் வேறு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "பெல்ட்டைக் கழற்றி ஓட்டிக் காட்டுங்கள், கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், மூன்று வயர் ஓம் எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். வேலை தெரிந்தவர் கால் மணி நேரத்தில் மூன்றையும் செய்துவிடுவார். மோட்டாரை மாற்றினால் பழையதைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்மூடியை மாட்டுவதற்கு முன் அடிப்பக்கத்துக்கு ஒரு துண்டுக் கம்பி வலை வெட்டிக் கட்டிவிடச் சொல்லுங்கள், எலிக்கு.